எழுபதாவது வளைவுக்கு அப்பால்

கொல்லிமலைக்குப் போய்வந்தேன் என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "மண் ரோட்டுல போனீங்களா?" என்பதுதான். அநேகமாக இல்லை என்றே பதில் வரும். காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். கடைசிப் பலகை முன்னால் நின்று படம் எடுப்பார்கள். ஆகாய கங்கை அருவியில் குளித்துவிட்டு, அன்னாசியும் மிளகும் வாங்கிக்கொண்டு பொழுது சாயும் முன்பே இறங்கிவிடுவார்கள். அவர்கள் பார்த்ததெல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் விரிந்து கிடக்கும் மலை அது. அதன் உயிர் முழுக்க, தார் ரோட்டிலிருந்து பிரிந்து மிளகுத் தோட்டத்துக்குள்ளும் சாமைக் காட்டுக்குள்ளும் நுழைந்து மறையும் செம்மண் பாதைகளில் இருக்கிறது. அந்தப் பாதைகளில் கிராவல் பைக் ஓட்டுவதைவிடப் பெரிய சந்தோஷம் தமிழ்நாட்டில் ஒரு சைக்கிள்காரனுக்கு இருக்க முடியாது. இதை நான் முழு மனதோடு சொல்கிறேன்.

முதலில் ஏற்றம். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி வரும்வரை சமவெளி. விடியும் முன்பே மிதிக்க ஆரம்பித்துவிட வேண்டும். அடிவாரத்தில் முள்ளும் புதருமாகக் காய்ந்த காடு. பாறையிலிருந்து முந்தைய நாள் சூடு இன்னும் வீசிக்கொண்டிருக்கும். வளைவு எண்கள் ஏற ஏற மரங்கள் உயரமாகும், நிழல் அடர்த்தியாகும். பாதிக்கு மேல் போனதும் கழுத்தில் ஒரு குளிர்ச்சி வந்து உட்காரும் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காகவே ஏறலாம். மொத்தம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகிறோம் என்றாலும் ஆளைக் கொல்லும் செங்குத்து கிடையாது. வளைவில் மட்டும் எழுந்து நின்று மிதித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தால் ஒரே தாளத்தில் ஏறிவிடலாம். அரசுப் பேருந்து ஓட்டுநர்கள் இந்த ரோட்டில் காட்டும் லாவகத்துக்குத் தனியாகக் கைதட்ட வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன் அடித்து, சைக்கிளுக்கு இடம் விட்டு, கையசைத்துவிட்டுப் போவார்கள்.

மேலே சோளக்காடு என்ற ஊர் வந்ததும் நான் செய்வது இரண்டு வேலை. ஒன்று, முடவாட்டுக்கால் சூப். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் கிழங்கு அது. மேலெல்லாம் பழுப்பு ரோமம் படர்ந்து, பார்த்தால் ஆட்டுக்கால் என்றே நினைப்பீர்கள். தோலைச் சீவி, இடித்து, மலை மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டு டம்ளரில் ஊற்றித் தருவார்கள். எழுபது வளைவு ஏறிவந்த தொடைக்கு அந்தக் காரம் இறங்கும் சுகத்தை எந்த எனர்ஜி ஜெல்லும் தராது.

இரண்டாவது வேலை, டயரில் காற்றைக் குறைப்பது. தார் ரோட்டில் ஏறும்போது நன்றாக அடித்து வைத்திருந்த காற்றை, மேலே வந்ததும் 30, 35 பிஎஸ்ஐக்கு இறக்கிவிடுவேன். வால்வை அழுத்தியதும் 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். என்னைப் பொறுத்தவரை கொல்லிமலை அந்தச் சத்தத்தில்தான் ஆரம்பிக்கிறது.

கிராவல் பைக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்ப்பதற்கு ரேஸ் சைக்கிள் மாதிரிதான், ஹேண்டில்பார் கீழே வளைந்திருக்கும். ஆனால் ரேஸ் சைக்கிளில் 25, 28 மி.மீ. டயர் என்றால் இதில் 40 மி.மீ. அல்லது அதற்கும் மேல். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே சேறு சிக்காத அளவுக்கு இடைவெளி, டிஸ்க் பிரேக், மேட்டில் உட்கார்ந்தபடியே மிதிக்கும் அளவுக்குச் சின்ன கியர். டியூப்லெஸ் போட்டு உள்ளே சீலன்ட் ஊற்றிவிட்டால் இண்டு முள் குத்தினாலும் ஓட்டை தானாகவே அடைபட்டுக்கொள்ளும். மவுண்டன் பைக்கின் கனம் இல்லை, ரோடு பைக்கின் பயம் இல்லை. காரவள்ளி ரோட்டில் வேகமாக ஏறவும் வேண்டும், மேலே போய் கப்பியிலும் செம்மண்ணிலும் உருளவும் வேண்டும் என்றால் இதைத் தவிர வேறு வண்டியை நான் யோசிக்கவே மாட்டேன்.

மண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொல்லிமலையின் உச்சிகளில் பாக்சைட் உண்டு. ஒரு காலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்து வெட்டிக்கொண்டு போனார்கள். அந்த வகைச் செம்பாறை பொடிந்து சரளையாகக் கிடக்கும் மேடுகள் இங்கே நிறைய. காய்ந்த நாளில் அதில் டயர் பிடிக்கும் பிடி இருக்கிறதே, அற்புதம்! கொஞ்சம் ஈரம் பட்டிருந்தால் இன்னும் நல்லது, தூசியும் அடங்கிவிடும். பள்ளத்தில் இறங்கினால் களிமண் கலந்த வயல் வரப்பு. தோட்டத்துக்குள் போனால் சில்வர் ஓக் இலை மெத்தை. ஊருக்குப் பக்கத்தில் ஜல்லி துருத்திய பழைய கப்பி ரோடு. ஒரு கிலோமீட்டருக்குள் கைக்கும் காலுக்கும் நாலுவிதச் சேதி வந்துவிடும்.

இனி தோட்டங்கள். மலை மேலிருக்கும் செம்மேட்டிலிருந்து எந்தத் திசையில் திரும்பினாலும் மிளகும் காபியும்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரங்கள் நெட்டுக்குத்தாக வரிசை கட்டி நிற்க, ஒவ்வொரு மரத்தையும் மிளகுக்கொடி உச்சிவரை போர்த்தியிருக்கும். அடியில் இடுப்புயரக் காபிச் செடி. நடுநடுவே பலா, வாழை, ஆரஞ்சு. ஊட்டி, வால்பாறை மாதிரி வெட்டிச் சமன்படுத்திய பெரிய எஸ்டேட்டுகளை எதிர்பார்த்து வராதீர்கள். இங்கே பல தோட்டங்கள் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுடையவை, ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கர் என்று சின்னச் சின்னதாக இருப்பவை. வேலி கட்டி விரட்டுகிற மனசும் அங்கே இல்லை. தோட்டத்து நடுவே போகும் பாதையே அடுத்த ஊருக்கும் பாதை. நின்று, "இப்படிப் போலாங்களா?" என்று கேட்டால் போதும், வழி சொல்வதோடு ஒரு வாழைப்பழமும் கையில் வந்துவிடும்.

மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்தால் பத்து நாளைக்குள் காபி பூக்கும். தோட்டக்காரர்கள் அதைப் பூ மழை என்பார்கள். செடியின் ஒவ்வொரு கணுவிலும் வெள்ளை வெள்ளையாகக் கொத்து. அந்த வாசனைக்குள் சைக்கிளில் போயிருக்கிறீர்களா? காரில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனால்கூட வராது அது. மல்லிகையும் தேனும் கலந்த அந்த மணம் ஒரு வளைவில் முகத்தில் அடிக்கும், அடுத்த இறக்கத்தில் காணாமல் போகும், மேடேறி மூச்சு வாங்கும்போது நெஞ்சு நிறைய உள்ளே போகும். பூ இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அந்த நாட்களில் மலையில் இருக்க வாய்த்தால் மற்ற வேலைகளையெல்லாம் தள்ளிப்போட்டுவிட்டு இருங்கள்.

மிளகு பறிப்புக் காலம் இன்னொரு திருவிழா. ஒற்றை மூங்கிலின் கணுக் கிளைகளை அரை அடி விட்டு நறுக்கி, அதையே ஏணியாக மரத்தில் சாய்த்து, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு ஏறுவார்கள். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவக்க ஆரம்பித்தால் பறிக்கும் பக்குவம். பறித்த சரங்களைக் களத்தில் கொட்டி மிதித்து மணியைப் பிரிப்பார்கள். ஒருமுறை அப்படி ஒரு களத்தோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் காய்ச்சலில் இருந்த மணிகள் பச்சை மாறாமல் இருந்தன. அடுத்த பாயில் பழுப்பு. அதற்கும் அடுத்ததில் தோல் சுருங்கி, கறுத்து, விரலால் அளைந்தால் கலகலவென்று சத்தம் போடும் முழு மிளகு. நாலைந்து நாள் வெயிலில் நடக்கும் மொத்தக் கதையும் மூன்று பாய்களில் விரிந்து கிடந்தது. பச்சையாக மூன்று கிலோ இருந்தால் காய்ந்து ஒரு கிலோதான் தேறும் என்றார் களத்தில் இருந்த அண்ணன். ஒரு மணியை எடுத்துக் கடித்தேன். நாக்கில் முதலில் எலுமிச்சை மாதிரி ஒரு வாசம், அப்புறம் சூடு, அப்புறம் கண்ணில் தண்ணீர். கடையில் வாங்கும் மிளகில் அந்த முதல் வாசத்தை நான் கண்டதே இல்லை.

தோட்டம் முடிந்தால் காடு கழனி. இங்கே நிலத்தை நாடு நாடாகப் பிரித்துச் சொல்கிறார்கள்: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என்று. காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது மலையாளி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் பழைய வண்டிப்பாதைகள் தாம் எனக்குப் பிடித்த ரூட். பள்ளத்தில் நீரோடையை ஒட்டி அடுக்கடுக்காக நெல்வயல். சரிவில் மரவள்ளி. மேட்டில் சாமை, கேழ்வரகு, தினை.

மரவள்ளியைப் பார்க்கும்போது கொஞ்சம் வருத்தமும் வரும், சொல்லிவிடுகிறேன். கீழே சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி லாரியாக இறங்கும் கிழங்கு அது. கைக்குக் காசு வரும் பயிர், அதனால் பல மேடுகளில் சாமையின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் இங்கே இருந்த சாமையின் வகைகளைக் கேளுங்கள்: மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை, திருகுலாச் சாமை, பெருஞ்சாமை! ஒவ்வொன்றுக்கும் ஒரு மண், ஒரு பருவம், ஒரு ருசி. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த ஊர் மக்களோடு சேர்ந்து இவற்றைக் காப்பாற்ற வேலை செய்துவருகிறது. ஊருக்கு ஊர் விதை வங்கி, உமி நீக்கச் சின்ன அரைவை மெஷின், பெண்கள் குழுக்கள் மூலம் விற்பனை. சாமையின் உமி லேசில் போகாது. உரலில் குத்திக் குத்திப் பெண்களின் தோள் தேய்ந்துகொண்டிருந்த வேலை அது. மெஷின் வந்தது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அந்த அம்மாக்கள் வாயால் கேட்க வேண்டும்.

ஒரு மேட்டில் மூச்சு வாங்க நின்றபோது வீட்டு வாசலில் இருந்த ஆயா கூப்பிட்டார். "இந்த மோட்டுல மிதிச்சேவா வந்த சாமி? உக்காரு. தண்ணி குடி." தண்ணீர் என்று பார்த்தால் சொம்பு நிறைய கேழ்வரகுக் கூழ் வந்தது, கடித்துக்கொள்ளப் பச்சை மிளகாயும். வீட்டுப் பக்கத்தில் மூங்கிலால் முடைந்து, மண்ணும் சாணமும் பூசி, தரையிலிருந்து தூக்கிக் கட்டிய குதிர் ஒன்று நின்றது. தொம்பை என்பார்கள். உள்ளே என்ன ஆயா என்று கேட்டேன். "விதைச் சாமை. அதுல கை வைக்க மாட்டோம், எத்தன பசி வந்தாலும்." பிறகு என் சைக்கிளின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "காத்து கொஞ்சமாத்தான் இருக்குது" என்றார். அப்படித்தான் ஆயா வேண்டும் என்றதும், சரிதான் என்பதுபோலத் தலையாட்டினார். "கல்லு மேல ஏறோணுமில்ல" என்றார். டயர் கம்பெனிக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதும் விஷயம் அது!

காட்டுப் பகுதிக்கு வருவோம். பல ஊர்களில் கோயில் காடு உண்டு. சாமிக்கென்று விட்ட காடு. கிளை ஒடிக்க மாட்டார்கள். சுற்றிலும் மரவள்ளி மேடு வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்போது அந்த ஒரு துண்டில் மட்டும் இருட்டும் ஈரமும் கொடிகளும் பின்னிக் கிடக்கும். அங்கே நான் ஓட்டுவதில்லை. செருப்பைக் கழற்றுகிற இடத்தில் சைக்கிள் எதற்கு? வெளியே நிறுத்திவிட்டு, ஊர்க்காரர் யாராவது அழைத்தால் கூட நடந்து போய்க் கும்பிட்டுவிட்டு வருவேன். அதேபோல வனத்துறையின் காப்புக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் டயர் பதியக் கூடாது. ஊர்ப் பாதைகளே ஒரு வாரம் ஓட்டினாலும் தீராத அளவுக்கு இருக்கின்றன. மாசிலா அருவிப் பக்கமும் நம்மருவிப் பக்கமும் போகிற சின்ன ரோடுகளின் நிழலே போதும், மனசு நிறைந்துவிடும்.

வாழவந்தி நாட்டைத் தாண்டி வளப்பூர் நாட்டுக்குள் இறங்கினால் அறப்பளீஸ்வரர் கோயில். தேவாரத்தில் வைப்புத்தலமாகப் பேர் பெற்ற பழைய கோயில். அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம் இந்தச் சாமியின் பேரில்தான். பக்கத்தில் ஓடும் ஐயாற்றில் மீன்களுக்குப் பொரி போடாமல் யாரும் திரும்ப மாட்டார்கள். அதே ஐயாறு கொஞ்சம் தள்ளி ஏறக்குறைய 300 அடி பள்ளத்தில் விழுந்து ஆகாய கங்கையாகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். சைக்கிள் ஓட்டிவந்த முழங்காலுக்கு அது கடினம்தான், ஆனாலும் இறங்குங்கள். கீழே பாறைச் சுவருக்கு முன்னால் நிற்கும்போது சாரல் ஆளையே தள்ளும். உடம்பில் ஒட்டியிருந்த செம்மண் முழுக்கக் கரைந்து ஓடும்.

போகும் வழியில் செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலையின் தலைவன். ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தினான் என்று வன்பரணர் புறநானூற்றில் பாடியது அவனைத்தான். எனக்கு அவனைப் பிடிப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அவன் குதிரைக்கும் ஓரி என்றே பெயர், சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. ஏறிப்போகும் குதிரையைத் தன் பெயராலேயே அழைக்கும் தலைவன், இந்த மேடு பள்ளங்களில் எப்படிப் பாய்ந்திருப்பான்! சேரனுக்காக மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று மலையைப் பிடித்துக் கொடுத்தான் என்பது சங்கப் பாடல்கள் சொல்லும் வரலாறு. இன்றும் ஆடி மாதத்தில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது, மலையே திரண்டு வரும். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மண் பாதையில் போகும்போதெல்லாம் இது ஓரியின் குளம்பு பட்ட தடமாக இருக்குமோ என்று எனக்குள் ஒரு சிலிர்ப்பு ஓடும்.

உலகம் முழுக்க இப்போது கிராவல் பைத்தியம் பிடித்திருக்கிறது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியா என்ற சிற்றூரில் 2006இல் ஆரம்பித்த 200 மைல் போட்டி இன்று அன்பவுண்ட் என்ற பெயரில் பெருந்திருவிழாவாகிவிட்டது. 2022இல் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் முதல் உலக சாம்பியன் போட்டியே நடந்தது. கிராவல் வீடியோக்களை நானும் விடாமல் பார்க்கிறேன். டஸ்கனியின் வெள்ளை மண் ரோடும் திராட்சைத் தோட்டமும் பழைய மாளிகைகளும் கண்ணைப் பறிக்கும். ஆனால் நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், எனக்கு மிளகுக்கொடி படர்ந்த சரிவும் சங்கக் கவிதை ஏறிய மலையும் கேழ்வரகுக் கூழும்தான் பெரிது. ஆயிரம் மீட்டர் ஏற்றமும், காபித் தோட்டமும், அடுக்கு வயலும், ஒரு வள்ளலின் நாடும் ஒரே நாளில் டயருக்கடியில் வரும் இடம் உலகத்தில் எத்தனை இருக்கும்?

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அருமையான பருவம். மழை நின்றிருக்கும், பாதை இறுகியிருக்கும், காலையில் பனி மட்டும் கடுமை, கைக்கு உறை வேண்டும். பெருமழை நாட்களில் களிமண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது, அப்போது தார் ரோட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு நாளில் ஏறி இறங்கிவிட வேண்டும் என்று திட்டம் போடாதீர்கள். செம்மேட்டில் ஒரு ராத்திரியாவது தங்குங்கள். மண் பாதையில் செல்போன் சிக்னலை நம்பாதீர்கள், மனிதர்களை நம்பலாம். எந்தப் பாதை எங்கே போகும் என்பதை ஆடு மேய்ப்பவரைவிட எந்த மேப்பும் நன்றாகச் சொல்லாது. சீக்குப்பாறை காட்சி முனைக்கு மாலையில் போங்கள், கீழே சமவெளி முழுக்க விளக்கு ஏற ஆரம்பிக்கும் நேரம். திரும்பும்போது காரவள்ளிப் பக்கம் இறங்கினால் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வராதீர்கள், டிஸ்க் சூடேறிவிடும். வளைவுக்கு முன்னால் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைந்ததும் விட்டுவிடுங்கள். கால் அசந்திருந்தால் முள்ளுக்குறிச்சி வழி இறங்கலாம், அந்தப் பக்கம் வளைவுகள் குறைவு.

மிளகு பறிப்பு ஆரம்பித்ததும் நான் மேலேதான் இருப்பேன். வருகிறவர்கள் 40 மி.மீ.க்குக் குறையாத டயராக மாட்டிக்கொண்டு வாருங்கள், சோளக்காட்டில் சூப் என் செலவு.